முப்பது வினாடி சபதம்

பதினோரு மாசத்துக்கு முன்னால் ஒரு சபதம் செய்தேன்.

"ஷோபனா! இனிமே உன் குரலே என் காதுல விழக் கூடாது!"

அம்பத்தூரில் கைநிறையச் சம்பளம் வந்த ஐ.டி. வேலையை உதறிவிட்டு, கோயம்புத்தூரில் நாலு பேரோடு சேர்ந்து இண்டர்நெட் ரேடியோ நடத்தப் போகிறேன் என்ற மகளிடம் வேறென்ன சொல்வது? அவளும் நான் சொன்னபடியே நடந்துகொண்டாள். என் போனுக்கு ஒரு கால் கிடையாது. பிடிவாதம் அப்படியே என்னைப் போல.

அன்றிலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் அதிகம் பேசுவது மிக்ஸிதான். நானும் கஸ்தூரியும் சாப்பிடுவோம், தட்டைக் கழுவுவோம், படுப்போம். ஷோபனாவின் அறைப் பக்கம் நான் போவதில்லை. போனால் திரும்பி வர மனசு வராது. சபதம் செய்தவன் இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா?

போன செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு கஸ்தூரி தன் செல்போனோடு வந்து நின்றாள்.

"ஏங்க, இது நின்னு நின்னு போவுது. என்னன்னு பாருங்க."

"எது?"

"உங்க பொண்ணோட ரேடியோ. லிங்க்கை ஆப்ல போட்டா முப்பது செகண்ட் பேசுறா. அப்புறம் கப்சிப்."

"நல்லதாப் போச்சு."

"சரி விடுங்க. எதிர்வீட்டு துலுக்கானத்தைக் கேட்டுக்கறேன். அவருக்கு இதெல்லாம் அத்துப்படி."

அவருக்கு அத்துப்படியாம்! ஃபேக்டரியில் முப்பது வருஷமாக ராணுவ டேங்க்கில் கோளாறு கண்டுபிடிக்கும் இன்ஸ்பெக்டர் நான். துலுக்கானம் எங்கள் கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவன்.

"கொடு இப்படி!"

"உங்க சபதம்?"

"டெஸ்டிங்குக்காகக் கேக்கறது சபதத்துல சேராது."

தட்டினேன். "வணக்கம், நான் உங்க ஷோபனா..." வால்யூமைக் கூட்டினேன். முப்பது வினாடியில் திரை இருண்டது. குரலும் போயிற்று. மறுபடி மிக்ஸிச் சத்தம் மட்டும்.

விடுவேனா? நோட்டுப் போட்டேன். சோதனை ஒன்று: நெட் சரி. இரண்டு: ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினேன், நின்றது. மூன்று: லிங்க்கைப் புதிதாகப் போட்டேன், நின்றது. புதன்கிழமை, பதினேழாவது சோதனையில் ஒன்று புரிந்தது. திரை இருளாமல் தட்டிக்கொண்டே இருந்தால் குரல் நிற்பதில்லை. வியாழக்கிழமை அவள் நிகழ்ச்சி முடியும்வரை ஒரு மணி நேரமும் தட்டினேன். அவளுக்குச் சளி. மூக்கடைப்போடு சிரிக்கிறாள், பாவி. நோட்டில் எழுதினேன்: "சளி. கஷாயம் குடித்தாளா?"

ஜன்னலில் துலுக்கானத்தின் தலை.

"இன்னா அண்ணாத்தே, போனைத் தட்டிகினு அழுதுகினு கீற?"

"கண்ல தூசி! டெஸ்டிங் நடக்குது, போய்யா!"

சமையலறையிலிருந்து கஸ்தூரி கேட்டாள். "இன்னுமா சரியாவல?"

"சிக்கலான கோளாறு. இன்னும் ஒரு மாசமாவது டெஸ்ட் பண்ணணும்."

"பொறுமையாவே பாருங்க" என்றாள். எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணி. விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஷோபனா தொண்டையைச் செருமினாள்.

"நிகழ்ச்சிக்கு முன்னாடி, ஆவடியில இருந்து கேக்கற ஒரே ஒரு நேயருக்கு மட்டும் ஒரு தகவல். அப்பா, தட்டாதீங்க, விரல் வலிக்கும். செட்டிங்ஸ்ல, சார்ஜை மிச்சம் பிடிக்க ஆப்பை நிறுத்தற பேட்டரி சேவரை ஆஃப் பண்ணுங்க, நிக்காது. திங்கக்கிழமை அதை ஆன் பண்ணி வெச்சது அம்மாதான். உங்க நோட்டையும் படிச்சுக் காட்டினாங்க. கஷாயம் குடிச்சுட்டேன்."