ரெண்டாந்தரக் காட்

மாமனாரிடம் நல்ல பெயர் எடுக்கலாம் என்று சுத்தத் தமிழ் கதைக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போகவும். நான் அப்படிக் கதைக்கப் போய் என் கலியாணத்தையே குழப்பப் பார்த்தவன்.

எனக்குப் புத்தூர். வீட்டிலிருந்தபடியே கம்பியூட்டரில் வீட்டுப் படம் கீறிக் கொடுப்பது தொழில். வட்டுக்கோட்டையில் மதுராவைப் பேசி முற்றாக்கி நாளும் வைத்த அதே மாதம் பழைய கம்பியூட்டர் படுத்துவிட்டது. எந்தப் பிராசசர், எந்தக் கிராபிக்ஸ் காட் (படம் காட்டும் அட்டை) என்று இரண்டு கிழமை யூடியூப்பில் கிடந்தேன். மதுராவுக்கு அனுப்பிய செய்திகளும் அதைப் பற்றித்தான். (ஆசையாக நாலு வார்த்தை எதிர்பார்த்த பிள்ளைக்கு, காட்டின் விசிறி என்ன வேகத்தில் சுற்றும் என்று எழுதியிருக்கிறேன்.)

கடைசியில் பெரிய பிராசசராகப் பார்த்து வாங்கினேன். பெயரின் நுனியில் 'எஃப்' என்று ஓர் எழுத்து இருந்தது. ஃபாஸ்ட் என்று நானே அர்த்தம் வைத்துக்கொண்டேன். அந்த எழுத்து இருந்தால் பிராசசருக்குத் தானாகப் படம் காட்டத் தெரியாது, காட் கட்டாயம் வேண்டும் என்று கடைக்காரர் பிறகுதான் சொன்னார். என் பழைய காட் இதற்கு ஒத்துவரவில்லை, புதுக் காட் வாங்க வழியில்லை. வல்வெட்டித்துறையில் ஒருவரிடம் பாவித்த காட் ஒன்று பேசி வைத்தேன்.

மறுநாள் மதுராவின் அப்பா தொலைபேசி எடுத்தார். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். காட் விசயம் என்ன மாதிரி என்று கேட்டார். அவர் கேட்டது கலியாண அழைப்புக் காட்டை. என் மண்டைக்குள் அப்போது உலகத்தில் ஒரே ஒரு காட்தான் இருந்தது. 'செக்கண்ட் ஹாண்ட்' என்று சொல்ல வாய் வந்தது. தமிழ் வாத்தியார் அல்லவா, விழுங்கிவிட்டு மொழிபெயர்த்தேன்.

"ஒளிக்க விருப்பமில்லை மாமா. இது ரெண்டாந்தரந்தான்."

"அப்ப முந்தினது?" என்றார் அவர்.

"அது மூண்டு வருசம் இருந்தது. பிறகு ஒத்துவரேல்லை, கழட்டி விட்டிட்டன்."

"உது அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம் மாமா. அவதான் இப்ப பின்பக்கக் கொட்டிலுக்குள்ளை வைச்சிருக்கிறா. எறிய மனம் வரேல்லையாம்."

தொலைபேசி வைக்கப்பட்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நான் நிம்மதியாகச் சோறு சாப்பிட்டேன். (இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

ஒரு மணித்தியாலத்தில் படலையடியில் ஓட்டோ வந்து நின்றது. மாமா முகம் கறுத்து இறங்கினார். பின்னால் மதுரா, அழுது வீங்கிய கண்ணோடு. அம்மா வாங்கோ என்று சொல்லி முடிக்க முதல் மாமா வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கொட்டிலுக்குப் போனார். உரப்பைகளுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"எங்கை அந்தப் பிள்ளை?"

"ஆர் மாமா?"

"உம்மடை முதல்தாரம். இவள் ரெண்டாந்தாரம் எண்டு நீர்தானே உம்மடை வாயாலை சொன்னீர்."

கலியாணம் போச்சு என்றே நினைத்தேன். வாயில் தமிழும் வரவில்லை, இங்கிலீசும் வரவில்லை. கொட்டிலுக்குள் இருந்த அலுமாரித் தட்டிலிருந்து தூசி பிடித்த பழைய காட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். முதலில் விளங்கியது மதுராவுக்குத்தான். இரண்டு கிழமை என் செய்திகளை வாசித்தவள் அல்லவா. "அப்பா, இது கம்பியூட்டர் காட்" என்றவள் அப்படியே உரப்பையில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா என்று நானும் நிலத்தில் இருந்துவிட்டேன். அம்மா நல்லூர்க் கந்தனுக்கு அந்த இடத்திலேயே நேர்த்தி வைத்தா.

மாமா காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தரத்துக்கும் தாரத்துக்கும் ஒரு அரவுதான், ஒரு துணைக்கால்தான் தம்பி வித்தியாசம்" என்றார். "இனிமேல் என்னோடை இங்கிலீசிலை கதையும்."

கலியாணக் காட்டை அவரே எழுதி, அவரே நாலுதரம் பிழை பார்த்து அடிப்பித்தார். சொன்ன நாளில் தாலி கட்டினேன். நாலு வருசமாகிறது. நான் கம்பியூட்டரில் மூழ்கிப்போனால் மதுரா குசினிக்குள் இருந்து சத்தம் போடுவாள், வீட்டில் ஆர் விருந்தாளி இருந்தாலும் சரி:

"அக்காவோடை இருந்தது போதும், சாப்பிட வாங்கோ."