திறந்த உலகில் நான் நின்ற வரிசை

நேர்காணலில் பொய் சொல்லலாம். ஆனால் யாரும் சோதித்துப் பார்க்க முடியாத பொய்யாகச் சொல்ல வேண்டும். இந்த உண்மை எனக்கு முப்பத்தோரு வயதில்தான் தெரிந்தது.

"வீடியோ கேம் ஆடுவீங்களா?" என்று கேட்டார், சென்னையில் ஒரு செய்தித் தளத்தின் ஆசிரியை. நான் சித்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கைபேசித் திரையைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சின்ன வயசுலேர்ந்தே" என்றேன்.

(அத்தையின் பழைய பட்டன் போனில் பாம்பு ஆட்டம் ஆடியிருக்கிறேன். என் பாம்பு எப்போதும் சுவரில் முட்டிச் செத்துவிடும்.)

"நல்லதாப் போச்சு. எங்க டெக் பக்கத்துக்கு ஆள் வேணும். திருப்பதியில ஒரு சின்ன கம்பெனி பெரிய கேம் ஒண்ணு பண்றாங்க. வெளிவர இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம். சனிக்கிழமை எழுதறவங்களைக் கூப்பிட்டு அரை மணி நேரம் ஆடக் கொடுக்கறாங்க. ஆடிட்டு, முதல் அனுபவம்னு எண்ணூறு வார்த்தை, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அனுப்புங்க. அதைப் பாத்துட்டு வேலையை முடிவு பண்ணலாம்."

அந்த வேலை எனக்கு வேண்டும். நான் இருந்த நாளிதழ் மாவட்டப் பதிப்பை மூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "இன்னும் ஊட்லதான் கீறியாமா எஸ்தரு?" என்று யாராவது கேட்பார்கள். சபைப் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா இடம் ஒன்று காலியாக இருந்தது. இந்தக் கட்டுரை தேறாவிட்டால் திங்கட்கிழமை அங்கே போய்ச் சேருவதாக நைனாவிடம், அதாவது அப்பாவிடம், ஒப்புக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழில் பெயர் நிரப்பும் வேலை. கெட்ட வேலை இல்லை. எனக்குத்தான் அதை நினைத்தால் தூக்கம் வந்தது.

நாளிதழில் ஆறு வருடம் நான் என்ன எழுதினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எவ்வளவோ எழுதினேன், ஆனால் ஒரு நாள் தவறாமல் எழுதியது ஒன்றுதான். திருமலையில் பக்தர்கள் காத்திருக்கும் கூடங்களான கம்பார்ட்மெண்டுகளில் இன்று எத்தனை நிரம்பியிருக்கிறது, தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, வரிசை வெளியே எதுவரை வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் கட்டம் கட்டிய நான்கு வரி. எங்கள் குடும்பம் சித்தூரின் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தது. அந்த வரிசையில் நான் ஒரு முறைகூட நின்றதில்லை. ஆனால் ஒரு வரிசை எப்போது நகரும், எப்போது நகர்வதுபோல் நடிக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நம்பியிருந்தேன்.

தம்பி டேனி மூன்று நாள் பயிற்சி கொடுத்தான். இஞ்சினியரிங் முடித்தவன், நான்கு ஆண்டுப் படிப்பில் அவன் முழுமையாகக் கற்றது கேம்தான்.

"அக்கா, இது ஓப்பன் வேர்ல்டு. எங்க வேணா போலாம். எவன வேணா அடிக்கலாம்."

"எதுக்கு அடிக்கணும்?"

"இன்னாக்கா கேக்குற? அடிச்சாத்தான் லெவல் ஏறும்."

"போலீஸ் வராதா?"

"காவலாளிங்க வருவானுங்க. அவனுங்களயும் அடி."

எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நடக்க எந்தப் பொத்தான், பேச எது, கத்தி எடுக்க எது. பேசுவதும் கத்தி எடுப்பதும் அடுத்தடுத்த பொத்தான்களில் இருந்தன. மனிதர்களைப் பற்றி யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

சனிக்கிழமை மதியம் திருப்பதி போய் இறங்கினேன். ரேணிகுண்டா சாலையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. வாசலில் செருப்புகள் கிடந்தன. நானும் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஆறு கணினிகள், ஆறு நாற்காலிகள். ஐந்தில் கழுத்தில் ஹெட்போன் மாட்டிய பையன்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள். ஆடிக்கொண்டே பேசி, அதை லட்சம் பேரைப் பார்க்க வைப்பவர்கள். பேனா வைத்திருந்தது நான் மட்டும்தான்.

வரவேற்றவர் வரதன். கம்பெனி அவருடையது. நெற்றியில் திருமண், உடம்பில் கறுப்பு டீ-ஷர்ட். மலைக்கோயிலில் கைங்கரியம் செய்யும் குடும்பம்.

"மேடம், கேம் பேரு 'ஏழு கணவாய்'. ஒரு மலை ராஜ்ஜியம். இது வேணும், அது வேணாம்னு நாங்க எதுவும் சொல்ல மாட்டோம். முழு சுதந்திரம்" என்றார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். உலகம் திறந்தது.

அழகாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேஷாசல மலையின் அதே சிவந்த பாறை. மழை பெய்து ஓய்ந்த மண். தூரத்தில் அருவி. இடது பக்கம் காடு, வலது பக்கம் ஆறு, நேர் எதிரே ஒரு கோட்டை. என் கதாபாத்திரம் முதுகில் கத்தியும் இடுப்பில் கயிறுமாக நின்றாள். எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

கோட்டை வாசலில் ஒரு வரிசை நின்றது. நான் போய் அதன் கடைசியில் நின்றேன்.

இதில் யோசிக்க எதுவும் இருந்ததாக அப்போது தோன்றவில்லை. பெரிய வாசல், அதன் முன் மூட்டையோடு மனிதர்கள். கால் தானாகப் போய்விட்டது. எண்ணினேன்: எனக்கு முன்னால் பதினான்கு பேர். அதிகம் போனால் ஐந்து நிமிடம். உள்ளே போய் அடிதடியைத் தொடங்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

எனக்கு நேர் முன்னால் பச்சைத் தலைப்பாகைக்காரர் ஒருவர். அவர் சிறிது நேரத்துக்கு ஒருமுறை அரை அடி முன்னால் எடுத்து வைத்தார். நானும் வைத்தேன். பிறகு அரை அடி பின்னால் வந்தார். முன்னால் நெரிசல் போலிருக்கிறது என்று நானும் பின்னால் வந்தேன். ஒரு பெண் மூட்டையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டு, "இன்னும் எவ்வளவு நேரமோ" என்றார். இவ்வளவு உண்மையான ஒரு வரிசையை நான் பார்த்ததே இல்லை.

பத்து நிமிடம் கழித்து எண்ணினேன். பதினான்கு பேர்.

(இந்த இடத்தில் எந்தக் குழந்தையும் புரிந்துகொண்டிருக்கும். நான் குறிப்பேட்டில், "உள்ளே கம்பார்ட்மெண்ட் திறந்துவிடவில்லை" என்று எழுதினேன்.)

பக்கத்து நாற்காலிப் பையன் அதற்குள் ஒரு குதிரையைப் பிடித்து, ஒரு கிராமத்துக்குத் தீ வைத்து, மலை உச்சியில் ஏதோ ஒரு பெரிய பறவையோடு மல்லுக்கு நின்றான். எனக்குக் கொஞ்சம் பதற்றமாகத்தான் இருந்தது. ஆனால் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு நியாயம் தெரியும்: இவ்வளவு நேரம் நின்றுவிட்டு இப்போது விலகினால், அடுத்த நிமிடமே கதவைத் திறந்துவிடுவார்கள். நின்றேன். இருபது நிமிடம் ஆனது. பச்சைத் தலைப்பாகையோடு ஒரு பாசமே வந்துவிட்டது.

இருபத்தாறாவது நிமிடத்தில் அந்த ஆள் வந்தார். கழுதையை ஓட்டிக்கொண்டு ஒரு வியாபாரி. எங்கள் பதினைந்து பேரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் தோளை உரசிக்கொண்டு முன்னால் போனார். பதினான்கு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"வரிசைல வாங்க" என்று சொல்வதுதான் என் நோக்கம். கடவுள் சாட்சி. பேசும் பொத்தானைத்தான் தேடினேன். விரல் பக்கத்துப் பொத்தானில் விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னும் இரண்டு முறை அழுத்தினேன்.

வியாபாரி மூன்று வெட்டில் சாய்ந்தார். கழுதை நின்று என்னைப் பார்த்தது. வரிசை கூச்சலிட்டுக்கொண்டு நாலாபக்கமும் சிதறியது. பச்சைத் தலைப்பாகையும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். காவலாளிகள் ஈட்டியோடு வந்தார்கள். டேனி சொன்ன எதுவும் நினைவுக்கு வரவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வாசலில் யாரும் இல்லை. நான் நிதானமாக நடந்துபோய் முதல் ஆளாக நின்றேன்.

அங்கேயே என்னைக் கொன்றார்கள்.

ஹெட்போனைக் கழற்றியபோது கைதட்டல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்சுவர் முழுக்க ஒரு பெரிய திரை. ஆறு பேரின் ஆட்டத்தையும் மாற்றி மாற்றிக் காட்டத்தான் அதை வைத்திருந்தார்களாம். கடந்த பத்து நிமிடமாக அதில் என் வரிசைதான் ஓடியிருக்கிறது. மாற்ற வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்களாம். பறவையோடு போராடிய பையன்கூடக் கைவிட்டுவிட்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அக்கா, இப்ப நகரும்னு ஒருத்தன், நகராதுன்னு ஒருத்தன். செம டென்ஷன்" என்றான்.

வரதன் தலையைச் சொறிந்தார். "கதவு பூட்டவே இல்ல மேடம். நேரா உள்ள போகலாம்."

"அப்புறம் எதுக்குங்க வரிசை?"

"வாசல்னு ஒண்ணு வெச்சேன். முன்னாடி வரிசை இல்லாம மொட்டையா இருந்தது. இந்த ஊர்ல பொறந்தவன் கண்ணு, என்ன பண்றது?"

"அந்தக் கழுதைக்காரர்?"

"அவர் மூட்டையிலதான் கதை ஆரம்பிக்கற ஓலை இருக்கு. அவரைக் கொல்ல முடியும்னு இன்னிக்குத்தான் எங்களுக்கே தெரியும்."

அவர் பக்கத்தில் நின்ற சிரிஷா என்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை. "மேடம், ஆ பதினாலு மந்தினி நேனே சேசானு" என்றாள் தெலுங்கில். அந்தப் பதினான்கு பேரையும் செய்தவள் அவள்தான். "எட்டு மாசம் மேடம். மூட்டை கை மாத்தறது, பெருமூச்சு, அன்னீ, எல்லாமே. எவரூ நின்னு பாக்கலேது. எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க. மீரு ஒக்கரே, நீங்க ஒருத்தர்தான் நின்னு பாத்தீங்க."

நான் பார்க்கவில்லையம்மா, ஏமாந்தேன் என்று சொல்லத் தெம்பில்லை. தலையாட்டிவிட்டு இறங்கினேன்.

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து டேனியைக் கூப்பிட்டேன். நடந்ததைக் கேட்டு அவன் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"சரி வுடுக்கா. நா சொல்றத எழுதிக்கோ. கிராஃபிக்ஸ் கண்ணைப் பறிக்குது. போர்க் காட்சிகள் விறுவிறுப்பு. உலகம் பிரம்மாண்டம். எல்லாரும் இதத்தான் எழுதிக்கினு கீறாங்க. எவன் வந்து பாக்கப் போறான்?"

"போர்க் காட்சிகள் விறுவிறுப்பு" என்று தட்டச்சு செய்தேன். அதைப் படித்துப் பார்த்தேன். நான் பார்த்த ஒரே போர் கழுதைக்காரரோடு நடந்தது; அதில் அவர் கலந்துகொள்ளவே இல்லை. நேர்காணலில் ஒரு பொய் சொன்னதற்கே இந்தக் கதி. அழித்தேன்.

பேருந்தில் ஏறி, பார்த்ததை மட்டும் எழுதினேன். வரிசையில் பதினான்கு பேர். நிழற்பந்தல் இல்லை, குடிதண்ணீர் இல்லை. இருபத்தாறு நிமிடத்தில் கோட்டையின் நிழல் ஒரு சாண் நகர்ந்தது, மக்கள் நகரவில்லை. முன்னறிவிப்பின்றி ஒருவர் முந்தினார், வெட்டப்பட்டார். வெட்டியவர் செய்தியாளர். கதவு பூட்டப்படவில்லை என்பதை அதிகாரிகள் கடைசிவரை அறிவிக்கவில்லை. இதையெல்லாம் பொறுமையாக உருவாக்கிய ஒரு பெண்ணைப் பற்றி இரண்டு பத்தி. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன். பிறகு சித்தூர்வரை, மாற்றுச் சான்றிதழில் பெயரை எந்த மையில் எழுதுவார்கள் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படியிறங்கும்போது ஆசிரியை அழைத்தார். சபையே சுற்றி நின்றது.

"எஸ்தர், நீங்க கேம் ஆடினதே இல்ல, சரியா?"

"பாம்பு ஆடியிருக்கேன் மேடம்."

"டெக் பக்கம் உங்களுக்கு வேண்டாம்" என்றார். என் முகத்தைப் பார்த்து நைனா பைபிளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நீங்க சித்தூர், திருப்பதி ரெண்டையும் எடுத்துக்குங்க. எழுதறதுக்கு ஆள் இருக்கு. நின்னு பாக்கறதுக்குத்தான் எனக்கு ஆள் இல்ல."

அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன்.

கேம் சொன்ன தேதியைத் தாண்டி, நிறையத் தாமதமாக வெளிவந்தது. முதல் நாளே டேனி உட்கார்ந்தான். அரை மணியில் உள்ளறையிலிருந்து கத்தினான். போய்ப் பார்த்தோம். கோட்டை வாசல் வரிசையில் இப்போது பதினைந்து பேர். கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு பெண், கையில் ஏடும் எழுத்தாணியும். டேனி அவளைத் தாண்டி முன்னால் போயிருக்கிறான். அவள் ஏட்டை மடித்து வைத்துவிட்டு ஒரே வெட்டில் அவனை முடித்திருக்கிறாள்.

"அஞ்சு தடவ ட்ரை பண்ணிட்டேன்க்கா. இந்த கேம்லயே இவளத்தான் ஜெயிக்க முடில."

கணினி என்றால் நைனா தள்ளியே நிற்பார். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னக் கொண்டுபோய் அவ பின்னாடி நிறுத்துடா" என்றார்.

"நைனா, அது நகராது. வா, ஆத்துப் பக்கம் சுத்திக் காட்றேன்."

"இருடா. பொண்ணு தனியா நிக்கினு கீறா."

நின்றார். கால் மணி நேரம், அம்மா காப்பி கொண்டுவந்து கொடுக்க, குடித்துக்கொண்டே நின்றார். அப்புறம் கழுதையை ஓட்டிக்கொண்டு அந்த வியாபாரி வந்தார். நைனா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த பட்டன்மா?"

அதிலிருந்து எங்கள் வீட்டில் வரிசை என்று வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. போன மாதம் சபையில் ஒரு கல்யாணம். பிரியாணி வரிசை சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி வெளியே நின்றது. நகரியிலிருந்து வந்த என் பெரியப்பா, மாப்பிள்ளை வீட்டாரை விசாரிப்பவர் போல மெதுவாக எங்களுக்கு முன்னால் தட்டோடு நுழைந்தார். நைனா குரலை உயர்த்தவில்லை. முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"எஸ்தரு, எந்த பட்டன்?"

பெரியப்பா ஒரு நிமிடம் தட்டைப் பார்த்தார். பிறகு, கழுதையை வெளியே கட்டிவிட்டு வருவதாகச் சொல்லி, வரிசையின் கடைசிக்கு நடந்தார்.