தாழிக்குள்ளிருந்து இழுத்தெடுக்கப்பட்டவன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஒதார் அண்ணாவுக்கு, தம்பி ஷால்வா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் வீட்டுக்காரி நாத்தெலாவும் திராட்சைக் கொடிகளும் நலம். என் இடுப்பு மட்டும் நலமில்லை. ஏழு வருஷமாக விசாரிக்காதவன் இன்றைக்கு என்ன விசாரிப்பு என்று கடிதத்தை மூடிவிட வேண்டாம்.

அப்பாவின் ஒயின் தாழியை என்னைக் கேட்காமல் ஆற்றங்கரை அருங்காட்சியகத்துக்கு நீங்கள் தூக்கிக் கொடுத்த நாளிலிருந்து அந்தப் பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை நாத்தெலா, "ஒரு தடவை பாத்துட்டாவது திட்டுங்களேன். பாக்காமலே எத்தனை வருஷம் திட்டுவீங்க?" என்று இழுத்துக்கொண்டு போனாள். முற்றத்தில் தாழி ஒருக்களித்துக் கிடந்தது, பக்கத்தில் ஓர் அட்டை. 'தந்தவர் ஒதார்' என்பதற்கு மேல் நான் படிக்கவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் அப்பா நம்மை உள்ளே இறக்கித் தேய்க்கச் சொல்வாரே, அப்போது நான் ஆணியால் என் பெயரைக் கீறி வைத்தேன், இதோ காட்டுகிறேன் என்று கண்ணாடியைக் கழற்றி நாத்தெலாவிடம் கொடுத்துவிட்டு, சுற்றிக்காட்டும் பெண் எக்கா "ஐயா, உள்ள போகக் கூடாது!" என்று கத்தக் கத்தத் தலையை நுழைத்தேன். தோள் போயிற்று. வயிறு போகவில்லை, திரும்பி வரவுமில்லை.

வெளியே என் கால்களை வைத்துக்கொண்டு ஆலோசனை நடந்தது.

"இழுத்தா தாழி உடைஞ்சிடும்பா," என்றார் ஒரு காவலர்.

"ஆளு உடைஞ்சா?" என்றாள் எக்கா.

"எலும்பு தானா கூடிக்கும். தாழி கூடுமா?"

"சூரியகாந்தி எண்ணெய் கொண்டாங்க," என்றாள் நாத்தெலா. "இந்த மனுஷனுக்கு எண்ணெய் தடவாம எதுவும் நடக்காது."

எண்ணெய் வரும்வரை இருட்டில் சுவரைத் தடவினேன். என் பெயர் விரலில் பட்டது. அதற்கு மேலே உங்கள் பெயரும் பட்டது. எனக்கே உரிய தாழி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே! அங்கேயே அழுதேன். தாழி அதைப் பெரிதாக்கி முற்றம் முழுக்கக் கேட்கவைத்தது. பிறகு எண்ணெய் வந்தது, காலைப் பிடித்து இழுத்தார்கள்; தாழி தப்பித்தது, என் இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லமாரா அண்ணி காலமானபோது நான் வராமல் இல்லை, அண்ணா. திபிலிசிக்கு வந்தேன். உங்கள் தெருமுனை ரொட்டிக்கடையில் நின்று, கறுப்பு உடையில் ஆட்கள் படியேறுவதைப் பார்த்தேன். அண்ணன் முதலில் கூப்பிடட்டும் என்று வீம்பாக அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். உங்களுக்கு மனைவியாவதற்கு வெகுகாலம் முன்பே, பக்கத்து வீட்டுச் சிறுமியாக, எனக்கு நாலு வயதில் காலணி வார் கட்டக் கற்றுக் கொடுத்தவள் அவள். எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பேன்?

உங்கள் மூட்டுவலி தணியட்டும், பேரப்பிள்ளைகள் சூழ்ந்த உங்கள் மேசையில் கோப்பை வற்றாதிருக்கட்டும்.

தங்கள் தம்பி,
ஷால்வா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது எக்கா ஃபோன் செய்தாள். "ஐயா, நீங்க மாட்டினது வேற ஊர் ஒதார் கொடுத்த தாழி. உள்ள பேருன்னு நீங்க தடவினது வெறும் விரிசல்தான். உங்க தாழி பெரிய கூடத்துல இருக்கு. அட்டையில 'ஒதாரும் ஷால்வாவும் தந்தது'ன்னு ஆரம்பத்துலேருந்தே போட்டிருக்கு." கடிதத்தைத் திருத்தி எழுதச் சொல்கிறாள் நாத்தெலா. எதைத் திருத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை வண்டியில் வருகிறேன், நீங்களே சொல்லிவிடுங்கள்.