அம்புக்குறி ஆசாமி

உலகத்தில் சண்டை போடுகிறவர்கள் ஒரு ரகம். சண்டைக்குத் தப்பி ஓடுகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டிலும் சேராமல், வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, படை எங்கே போகிறது, ஜனங்கள் எங்கே ஓடுகிறார்கள் என்று தினம் அம்புக்குறி போட்டுக் காட்டுகிற மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறது. இன்று நாம் பார்க்கப்போவது அந்த ஆசாமியைத்தான்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். எந்தப் படை ஜெயித்தாலும் "நாம" என்பார். நேற்று நாம ஆற்றைத் தாண்டிவிட்டோம் என்று பல் விளக்கிக்கொண்டே அறிவிப்பார். குளியலறையில் கரப்பான்பூச்சி வந்தால் மட்டும் மனைவியைக் கூப்பிடுவார். சாப்பாட்டு மேசையில் அவருடைய தட்டு ஒரு நாடு, உங்கள் தட்டு பக்கத்து நாடு, கரண்டி போர்முனை, உப்பு டப்பா தலைநகரம். நீங்கள் உப்புக்குக் கை நீட்டினால் பேச்சுவார்த்தை முடியும்வரை பொறுக்கச் சொல்வார். என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்: "படத்தைப் பாருங்க, புரியும்."

என் அக்கா கணவர் இந்த ரகத்தில் முதல் தரம். குளியலறைக் குழாய்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். எனக்கு அத்தான், தெருவுக்குப் 'பூகோளம்'. அவருடைய வரைபடத்தில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனித்தனி நிறத்தில் குண்டூசி உண்டு. பீரங்கிக்குக்கூட பேப்பரில் சின்னதாகக் கத்தரித்து ஒட்டிய பொம்மை உண்டு. ஓடிவருகிற ஜனங்களுக்கு? எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு அம்பு. தடித்த மார்க்கர் பேனாவால் போட்டது. செய்தியில் எண்ணிக்கை கூடும்போதெல்லாம் அதை இன்னும் கொஞ்சம் தடிப்பாக்குவார். இரண்டு நாட்டு எல்லையைத் தாண்டி வந்து, அம்பின் முனை எங்கள் ஊர்மேல் குத்திக்கொண்டு நிற்கிறது. ஊர் தெரியவில்லை, முனை மட்டும்தான் தெரிகிறது.

படையெடுப்புக்கும் அதே சிவப்பு, ஓடிவருகிறவர்களுக்கும் அதே சிவப்பு. ஏன் அத்தான் என்று கேட்டேன்.

"நீலப் பேனா காஞ்சு போச்சு" என்றார்.

அது என்னவோ உண்மைதான். ஆனால் அன்றிலிருந்து ராத்திரி கேட்டைப் பூட்டிவிட்டு, மறுபடி எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். தானே போட்ட அம்புக்குத் தானே பயந்த மனிதரை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. அந்தச் சண்டையிலிருந்து தப்பி வந்தவர்களை விடுமுறை முழுக்க அவளுடைய பள்ளி மண்டபத்தில்தான் தங்கவைத்திருந்தார்கள். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதற்குள் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டவர்கள் ஊருக்குள் இருக்கலாம். மற்றவர்கள் ஊருக்கு வெளியே கூடாரத்துக்குப் போகவேண்டும். கைக்குழந்தையும் வயதான அப்பாவுமாக இருந்த ஒரு பெண்ணை, ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் தங்கள் மாடிப் போர்ஷனைக் காட்டுவதற்கு அக்கா வெள்ளிக்கிழமை கூட்டிவந்தாள்.

அத்தானுக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்கவேண்டுமே. படத்திலிருந்தே ஒரு ஆள் இறங்கி வந்திருக்கிறது! மாடிப்படிக்குக் கூட்டிப்போகாமல் நேரே சுவருக்குக் கூட்டிப்போனார். எந்த ஊர் என்று கேட்டார். அவள் சொன்னாள். இருவரும் தேடினார்கள். ஊர் கிடைக்கவில்லை. அம்பு அதன் மேலேதான் போயிருந்தது. அத்தான் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மை போகவில்லை.

சரி, எந்த வழியாக வந்தீர்கள் என்று அடுத்த கேள்வி. முதலில் வடக்கே நாத்தனார் வீட்டுக்குப் போனதையும், அங்கேயும் குண்டு விழுந்ததையும், அப்பா பிடிவாதத்தால் சொந்த வீட்டுக்கே திரும்பி வந்ததையும், வந்து பார்த்தால் வீடு இல்லாததையும், பிறகு ஒரு லாரியில் மலைப்பக்கம் ஏறியதையும் அவள் விரலால் காட்டிக்கொண்டே வந்தாள். விரல் போன பாதை அம்போடு ஒரு இடத்திலும் ஒத்துப்போகவில்லை.

"அப்படி வந்திருக்க முடியாதும்மா" என்றார் அத்தான், கவலையாக. "படத்துல நேராத்தானே இருக்கு."

அவளுக்கு வீடு வேண்டும். "இருக்கலாங்க" என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கி, "மாடிக்குத் தண்ணி ஏறுமாங்க?" என்று கேட்டாள்.

அந்த வீட்டில் அத்தானுக்கு நிஜமாகவே தெரிந்த விஷயத்தைப் பற்றி யாரோ கேட்டார்கள்! மனிதர் மலர்ந்துபோனார். மாடிக்கு ஓடி எல்லாக் குழாயையும் திறந்துவிட்டார், கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினால் சொட்டாது என்று காட்டினார், அப்பாவுக்குக் கழிவறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி தானே பொருத்தித் தருவதாகச் சொன்னார். நான் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கே தீரும்? அவள் போனதும் அத்தான் மறுபடி சுவர்முன்னால் போய் நின்றுவிட்டார்.

"ஒரு குடும்பம்னா பரவாயில்ல" என்றார் அக்காவிடம். "இது அம்பு."

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நம்ம மாடிப்படி எவ்வளவு அகலம்? பீரோவையே கழட்டித்தானே ஏத்தினோம்? அதுல அம்பெல்லாம் ஏறாதுங்க. மூணு பேர்தான் ஏறுவாங்க" என்று சொல்லி, மாடிச் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். இரண்டு பை, ஒரு போர்வை, இடுப்பில் குழந்தை, பின்னால் பெரியவர். சாமான் தூக்க ஆள் வேண்டுமென்று அக்கா என்னையும் வரச்சொல்லியிருந்தாள். தூக்குவதற்குத்தான் ஒன்றும் இல்லை. அத்தான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்தவர்களை அவர் பார்க்கவேயில்லை. அவர்கள் தலைக்கு மேலாகத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்க எப்ப வருவாங்க?" என்று கடைசியில் கேட்டேவிட்டார்.

"யாருங்க?"

"உங்க பின்னாடி வர்றவங்க."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எங்களுக்குப் பின்னாடி யாரும் இல்லைங்க. வீட்டுல மிஞ்சினது நாங்க மூணு பேர்தான்."

அத்தான் பெரியவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் படியேறினார்.

அதோடு திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். இந்த ரகம் திருந்தாது. அம்பு இன்னும் சுவரில்தான் இருக்கிறது. மாடியில் இருப்பவர்கள் தங்கமானவர்களாம், அவர்கள் வேறு வழியாக வந்தவர்களாம், அம்பு வேறாம். குழந்தை காய்ச்சலில் அழுதால் மருந்துக் கடைக்கு ஓடுவது அவர்தான். திரும்பி வந்ததும் அம்பைத் தடிப்பாக்குவதும் அவர்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் சுவரில் படம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்றைக்காவது உங்கள் வாசல் மணி அடிக்கும். திறந்தால் குழந்தையோடு ஒருத்தி வீடு கேட்டு நிற்பாள். அப்போது உங்கள் கண் முதலில் அவள் முகத்துக்குப் போகிறதா, அவள் தோளைத் தாண்டித் தெருவுக்குப் போகிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். தெருவுக்குப் போனால், எனக்கு இன்னொரு அத்தான் கிடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன்.