ஃபிரிட்ஜில் இரண்டு டப்பா

"மாப்ள, குட்டிக்கு வயிறு ஏன் இப்படித் தொங்குது?" என்றார் குதிரை லாயத்தின் முதலாளியான மாமனார்.

"பால் ஜாஸ்தி மாமா. நல்ல போஷாக்கு."

குட்டி அந்த நேரம் பார்த்து இருமியது. முடி வேறு துடைப்பமாக நின்றது. பக்கத்துக் கொட்டடியில் மைத்துனன் வளர்க்கும் குட்டியோ எண்ணெய் தடவினாற்போல் மினுங்கியது. வீட்டோடு மாப்பிள்ளைக்குக் கெட்ட நேரம் வந்தால் குதிரைக்குட்டிகூடக் காட்டிக்கொடுக்கும்.

"குடல்ல புழு இருக்கும். ரெண்டு குட்டியோட லத்தியையும் டாக்டர் பார்க்கட்டும். எவன் குட்டிக்குப் புழுவோ, அவன் இனிமே தீவனக் கிடங்குல மூட்டை தூக்கட்டும்!"

மாப்பிள்ளை மனதுக்குள் கணக்குப் போட்டார். லாயம் போனால் மரியாதையும் போய்விடும். இருந்ததே கொஞ்சம்தான்.

லத்தி கெடாமலிருக்க ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார் டாக்டர். சிவப்பு மூடி டப்பா மாப்பிள்ளையின் குட்டிக்கு, நீல மூடி மைத்துனனின் குட்டிக்கு. பால் எடுக்கத் திறந்த மாமியார் போட்ட கூச்சலில் வீடே திரண்டது. மனைவிதான் பாலை எடுத்துக் கொடுத்து, அம்மாவைச் சமாதானப்படுத்தினாள். எல்லாரும் கலைந்ததும் மாப்பிள்ளை இரண்டு மூடிகளையும் மாற்றிப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார். கை கழுவினாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

மறுநாள் டாக்டர் வந்து சொன்னார்: "நீல மூடி சுத்தம். சிவப்பு மூடியில புழு முட்டை எக்கச்சக்கம்."

மைத்துனன் மீசையை முறுக்கினான். மாமனார் கிடங்குச் சாவியை நீட்டினார்.

மாப்பிள்ளைக்கோ உள்ளுக்குள் குளிர்ந்தது. மூடியை மாற்றியவர் அவரல்லவா! அப்படியானால் புழு அந்த மினுக்கிக்கு! சொன்னால் திருட்டுத்தனம் வெளியே வரும். சொல்லாவிட்டால் மூட்டை. மானமா, லாயமா என்று நிறுத்துப் பார்த்ததில் லாயம்தான் கனத்தது.

"மாமா, நான் மூடியை மாத்திட்டேன். புழு உங்க பிள்ளையோட குட்டிக்குத்தான்!"

திருட்டை இவ்வளவு பெருமையாக ஒப்புக்கொண்டவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. மைத்துனன் முகம் சுண்டிப்போனது. மாமனார் சாவியை மெதுவாக மகன் பக்கம் திருப்பினார்.

சமையலறை வாசலில் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நீங்களும் மாத்துனீங்களா? உங்களைக் காப்பாத்தணும்னு நான் முன்னாடியே மாத்தி வெச்சிருந்தேனே!"