பாதித் தலை பாக்கி

கடன் கொடுத்தவரிடமிருந்து ஓடி ஒளியலாம். கல்யாணத் தரகரிடமிருந்துகூடத் தப்பித்து விடலாம். ஆனால், 'உனக்கு நல்லது செய்தே தீருவேன்' என்று கிளம்பிவிட்ட இருபத்திரண்டு வயதுப் பையனிடமிருந்து யாராலும் தப்பிக்க முடியாது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தப் பையன் நான்தான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. பேருந்து நிலையத்திலும் கடைவாசல்களிலும் வீடில்லாமல் படுத்திருப்பவர்களிடம் போய்ப் பேச வேண்டும். குளிக்க வைத்து, முடி வெட்டிவிட்டு, விருப்பப்பட்டால் எங்கள் விடுதிக்கு அழைத்து வர வேண்டும். (இந்த 'விருப்பப்பட்டால்' என் காதில் சரியாக விழவில்லை.) மெட்ராஸில் பயிற்சி கொடுத்தார்கள். 'முதலில் எல்லாரும் மறுப்பார்கள், நீங்கள் மனம் தளரக்கூடாது' என்றார்கள். அதை மட்டும் மந்திரம்போல மனப்பாடம் செய்துகொண்டு ஊர் திரும்பினேன்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. இந்த நேரம் பார்த்து எங்கள் செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"மெட்ராஸ்லேர்ந்து பெரிய மனுஷங்க வர்றாங்கப்பா. நாம ஒருத்தரையாவது திருத்தி வச்சிருக்கோம்னு காட்டணும். இல்லன்னா விடுதிக்கும் பணம் வராது, உன் வேலையும் இருக்காது."

மரம் கிடக்கிற ரோட்டில் பெரிய மனுஷர்கள் எப்படி வருவார்கள் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நேரே பேருந்து நிலையம் போனேன்.

அங்கே தூணோரம் ஒருவர் சுருண்டு படுத்திருந்தார். தோளில் புரளும் முடி, மார்பைத் தொடும் தாடி, அழுக்கேறிய வேட்டி. பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சொல்லி மாளாது. பெண் பார்க்கப் போன இடத்தில் முதல் பெண்ணே பிடித்துப்போனால் எப்படி இருக்கும், அப்படி.

"எந்த ஊருண்ணே?"

"மணலூர்பேட்டைங்க. பேரு ஏழுமலை. கரும்பு வெட்டிட்டு அப்பிடியே வந்துட்டன். மலைக்குப் போவணும், பஸ்ஸு இல்ல. பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடியே போயி மலைல காத்துக்கினு கீறாங்க."

நான் கனிவாகத் தலையாட்டினேன். (பயிற்சியில் சொல்லிக் கொடுத்த தலையாட்டல்.) வீடில்லாதவர்கள் எல்லாரும் தங்களுக்கு ஒரு குடும்பம் காத்திருப்பதாகச் சொல்வார்கள் என்பது என் முடிவு.

"முதல்ல சாப்புடுங்க. அப்புறம் குளிச்சிட்டு முடி வெட்டிக்கலாம்."

"ஐயோ, இது சாமி முடிங்க! எம் பொண்ணுக்குக் காலு வராம இருந்திச்சி. அது எழுந்து நடந்தா மலைக்கோயில்ல முடி குடுக்கறன்னு வேண்டிக்கினேன். இப்ப நடக்குது. வெள்ளிக்கிழம குடுக்கணும்."

இதற்கும் கனிவாகத் தலையாட்டினேன். சடை வளர்த்தவர்களில் 'சாமி முடி' என்று சொல்லாதவரை நான் அதுவரை சந்தித்ததே இல்லை.

அந்தப் பேருந்து நிலையமே வீடாக இருந்த பச்சையம்மா எதிர்த் தூணிலிருந்து குரல் கொடுத்தது. "தம்பி, அவரு எங்காளு இல்ல. பஸ்ஸுக்கு நிக்கறாரு, வுட்டுடு."

அதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. நான் இட்லி வாங்கி வந்து கொடுத்தேன். ரெண்டு நாள் பட்டினி கிடந்த மனிதர் வயிறாரச் சாப்பிட்டார். குழாயடியில் குளித்தார். சாப்பாடும் குளியலும் சேர்ந்து அசத்த, குழாய்த் திட்டிலேயே சாய்ந்து தூங்கிப் போனார். நான் ஓடிப்போய் முடிதிருத்தும் மணியைக் கூட்டி வந்தேன்.

"அண்ணே, ஆளு தூங்கறாரேண்ணே?" என்றான் மணி.

"முழிச்சிக்கினு இருந்தா வேணாம்னுதான் சொல்லுவாரு. நீ போடு."

மணி கத்தி போட்டான். பாதித் தலை, பாதித் தாடி. சில்லென்று கத்தி காதோரம் இறங்கியபோது ஏழுமலை கண் விழித்தார். தலையைத் தடவினார். ஒரு பக்கம் முடி இருந்தது, மறுபக்கம் வழவழவென்று இருந்தது. வெட்டிய முடியோ குழாய்த் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது.

அவர் என்னை நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடிக்கவில்லை. முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "எம் பொண்ணு காலு போச்சே... எம் பொண்ணு காலு போச்சே..." என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். மணி கத்தியை மடித்து எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடியே போனான்.

பச்சையம்மா எழுந்து வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது. "இப்ப இன்னா பண்ணப் போற? நீயே கூட்டிக்கினு போயி சாமிகிட்ட பதில் சொல்லு."

வேறு வழி? விடிந்ததும் இருவரும் கச்சிராயபாளையம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தோம். அவர் பாதித் தலையோடு முன்னால். நான் என் ஸ்டெப் கட்டிங் தலையோடு பின்னால். (அப்போது எனக்குக் காதை மூடும் முடி இருந்தது. ஊரில் அதற்கென்று ஒரு மரியாதையும் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.) வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பாமல் நடந்தார்.

பாதி வழியில் பெரிய புளியமரம் ஒன்று ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் வரிசையாக ஆட்கள். ஏழுமலையைப் பார்த்ததும் ஒருவர் துள்ளி எழுந்தார்.

"அடேய், இங்க பாருங்கடா! அரை மொட்ட அடிச்சி, அரைத் தாடி எடுத்துக்கினு போராட்டத்துக்கு வந்துகீறாரு! இவருதாண்டா மனுசன்!"

"இல்லிங்க, இது சாமி..." என்று ஏழுமலை வாயைத் திறந்தார். அவர் பேச்சை நான்தான் கேட்கவில்லையென்றால், அவர்களும் கேட்கவில்லை. மாலை விழுந்தது. கோஷம் எழுந்தது. அவரை அலாக்காகத் தூக்கி மரத்தைத் தாண்டி இறக்கினார்கள். சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

நானும் சந்தடி சாக்கில் மரத்தைத் தாண்டப் பார்த்தேன். ஒரு கை சட்டையைப் பிடித்தது.

"நீ இன்னா முழுத் தலையோட வர்ற? வேவு பாக்க வந்தவனா?"

சுற்றிலும் பார்த்தேன். மரம் வெட்டிய அரிவாள்கள் அப்போதுதான் கண்ணில் பட்டன. "நானும் அவரோட ஆளுதாங்க. எனக்கும் அடிக்கணும்னுதான் வந்தேன். கள்ளக்குறிச்சில கத்தி மழுங்கிப்போச்சி," என்றேன்.

அந்தக் கூட்டத்தில் முடிதிருத்துபவர் ஒருவர் இருந்தார். இல்லாமல் போவாரா, என் ராசி அப்படி. ஏழுமலைக்கு இடப்பக்கம் போயிருந்ததால், ஜோடிப் பொருத்தம் பார்த்து எனக்கு வலப்பக்கத்தை எடுத்தார். மீசையிலும் பாதி. கைதட்டல் மலைவரை கேட்டிருக்கும்.

அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஏழுமலை நின்றார், திரும்பி என் தலையைப் பார்த்தார். முகம் கோணியது. சிரிப்பு பொங்கி ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன்.

கோமுகி அணையைத் தாண்டி, மலைப்பாதையில் ஏறி, வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏழுமலையின் மனைவி செல்வி எங்களைப் பார்த்ததும் வாயில் அடித்துக்கொண்டது. அவர் மகள், அந்தக் கால் வந்த குழந்தை, நினைவு தெரிந்ததிலிருந்து அப்பாவை முழுத் தாடியோடுதான் பார்த்திருக்கிறது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து வீறிட்டது.

பூசாரியிடம் நடந்ததை நானே சொன்னேன். அவர் மலைக்காரர், வயதானவர். வெற்றிலையை மென்றுகொண்டே வெகுநேரம் யோசித்தார். ஏழுமலை கைகூப்பி நின்றார்.

கடைசியில் பூசாரி எங்கள் இருவரையும் ஒட்டி நிற்க வைத்து, தள்ளி நின்று பார்த்தார்.

"இவருக்கு வலப்பக்கம் இருக்குது. அவருக்கு இடப்பக்கம் இருக்குது. சேத்தா ஒரு தல. சாமிக்கு ஒரு தலதான சொன்ன? ரெண்டு பேரும் உக்காருங்க."

உட்கார்ந்தோம். அவர் முடியும் என் முடியும் ஒரே தட்டில் விழுந்தன. மணி அடித்தது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை அம்மாவின் பிடியை உதறிவிட்டு, தத்தித் தத்தி நடந்து வந்து, இரண்டு மொட்டைகளுக்கும் நடுவே குழம்பி நின்று, என் மடியில் ஏறி உட்கார்ந்தது. நடந்தது என்பதுதான் முக்கியம். ஏழுமலை மறுபடி அழுதார். இந்த முறை நானும் சேர்ந்துகொண்டேன்.

மெட்ராஸ் பெரிய மனுஷர்கள் வரவே இல்லை. என் வேலை எப்படியோ தப்பியது. பேருந்து நிலையத்தில் பச்சையம்மா என் மொட்டையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், அதுவரை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்கூட எழுந்து வந்து கதை கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் தங்கள் கதையையும் எனக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் கேட்க ஆரம்பித்தேன்.

ஆனால் ஏழுமலை குடும்பம் என்னை விடவில்லை. அந்தச் சாமிக்குத் தங்கள் வேண்டுதலில் பாதி என் பங்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது ஆள் அனுப்பினார்கள். போய்ப் பாதி கொடுத்தேன். பெண்ணுக்கு வரன் அமைந்தபோது மறுபடி கூப்பிட்டார்கள், அதற்கும் கொடுத்தேன். (என் மனைவியிடம் கல்யாணத்துக்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.) போன வருஷம் பேரன் பிறந்ததும் ஏழுமலை போன் செய்தார். "தம்பி, உங்க பாதி எப்ப?"

மனைவியோடு மலை ஏறினேன். இப்போது பூசாரி, பழைய பூசாரியின் மகன். என்னைப் பலகையில் உட்கார வைத்து, கத்தியை நனைத்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். கத்தியை வைக்க முடி தேடித் தலையை ஒரு சுற்றுத் தடவினார். பிறகு மரியாதையாக மடக்கி வைத்தார்.

"எழுந்திருங்க. உங்க பங்க சாமி வூடு தேடியே வந்து வாங்கிக்கினு போயிட்டாருங்க."

வீட்டுக்கு யார் வந்தாலும், காபி கொடுப்பதற்கு முன்பே, என் மனைவி இதைச் சொல்லிவிடுகிறாள்.