ஓரம் தெரியாத சிங்கம்

ஒரு காட்டில் மெய்யப்பன் என்ற தேவாங்கு வீடியோ எடிட்டராக இருந்தது. வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் கண் பெரிது. மயிரிழைப் பிழையும் தப்பாது.

அந்தக் காட்டு ராஜா ஒரு கிழச் சிங்கம். துரத்திப் பிடிக்கத் தெம்பில்லை. மான்களோ ஆற்றுக்கு அக்கரையில் மேய்ந்தன, இக்கரைக்கு வருவதேயில்லை. ஒருநாள் சிங்கம் தேவாங்கைக் கூப்பிட்டு அனுப்பியது.

"நானும் மானுங்களும் ஒரே குட்டையில தண்ணி குடிக்கிற மாதிரி ஒரு வீடியோ வேணும். அக்கரைக்கு அனுப்பணும்."

"மானுங்க உங்க பக்கத்துல நிக்காதுங்களே, ராஜா."

"நின்னா உன்னை ஏன் கூப்பிடுறேன்?"

தேவாங்கு மலைக்கு அந்தப் பக்கம் போய், அங்கே தண்ணீர் குடித்த வேறு மான்களைப் படம் பிடித்தது. சிங்கத்தைத் தனியாகப் பிடித்தது. சிங்கத்தைச் சுற்றி மாஸ்க் என்கிற வெட்டுக்கோடு வரைந்து வெட்டி எடுத்து, மான்களுக்கு நடுவே வைத்தது. ராஜா அவசரப்படுத்தியதால் அன்றே அனுப்பியும் விட்டது.

அக்கரை மந்தையின் தலைவி செவ்வந்தி என்ற மான். அது வீடியோவைப் பார்த்துவிட்டு, "காலண்டர் சிங்கத்தைக் கத்தரிச்சு ஒட்டியிருக்காங்க" என்றது. மான்கள் சிரித்துவிட்டு மேயப் போயின.

இது தேவாங்கின் காதுக்கு வந்தது. ராஜாவுக்குக்கூட அவ்வளவு வலிக்கவில்லை. தேவாங்கு இரண்டு நாள் அந்த வீடியோவையே போட்டுப் போட்டுப் பார்த்தது.

பிறகு மறுபடி உட்கார்ந்தது. ஓரம் முழுவதையும் மங்கவைத்துப் பார்த்தது. சிங்கத்தைச் சுற்றி சாமி படத்து ஒளிவட்டம் வந்துவிட்டது. அழித்தது. மாஸ்க்கை ஒரு இழை உள்ளே தள்ளி, முதுகோரத்தைக் கொஞ்சமாகவும் பிடரி மயிரை மட்டும் கூடுதலாகவும் மங்கவைத்தது. சிங்கத்தின் மேல் சாயங்கால வெயில், மான்களின் மேல் காலை வெயில். நிறத்தைத் திருத்தி இரண்டையும் ஒரே வெயிலாக்கியது. பதினோராம் நாள், சிங்கம் எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்று தேவாங்குக்கே தெரியவில்லை.

புது வீடியோவைச் செவ்வந்தி நிறுத்தி நிறுத்திப் பார்த்தது. பெரிதாக்கியும் பார்த்தது.

"நிஜந்தான். ராஜா திருந்திட்டார்" என்றது.

மறுநாள் நாற்பது மான்கள் ஆற்றைக் கடந்து வந்து, ராஜாவுக்குப் பக்கத்திலேயே நின்றன. ராஜா ஓட வேண்டியிருக்கவில்லை. மற்றவை சிதறி ஓடி அக்கரை சேர்ந்தபோது மூன்று குறைந்தன. அதில் ஒன்று செவ்வந்தியின் தங்கை.

செவ்வந்தி தனியாகத் திரும்பி வந்து தேவாங்கின் மரத்தடியில் நின்றது.

"நீங்க செஞ்சது தப்புண்ணே."

தேவாங்கின் முகம் வாடிவிட்டது. "எங்கே? காதுக்குப் பின்னாடியா?"

செவ்வந்தி அண்ணாந்து அதன் முகத்தையே பார்த்தது.

"அங்க ஓரத்துல புல்லோட பச்சை கொஞ்சம் கசியுது. எனக்கே சந்தேகமா இருந்துச்சு" என்றது தேவாங்கு.

"என் தங்கச்சி செத்துட்டா."

தேவாங்கு மரத்திலிருந்து இறங்கி வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டது: "அவளும் பார்த்தாளா?"

"பார்த்தா."

"அவளுக்கும் ஓரம் தெரியலையா?"

"தெரியல."

"ம்" என்றது தேவாங்கு.

செவ்வந்தி ஆற்றை நோக்கி நடந்தது. தேவாங்கு கிளையில் ஏறி, காதோரத்துப் பச்சையைச் சரிசெய்ய உட்கார்ந்தது.

நீதி: தொழில் சுத்தம் சோறு போடும். யாருக்கு என்று கேட்கக் கூடாது.